வலியோர் எழுதிய உடன்படிக்கை

அமைதிப் பெருங்கடலின் நடுவே ஆளுயரம் எழுந்து நிற்கும் பவளத் திட்டுகளின் கூட்டமே மார்சல் தீவுகள். 1946-ஆம் ஆண்டு முதல் 1958-ஆம் ஆண்டு வரை அமெரிக்க அரசு அங்கே 67 அணுக்குண்டுகளை வெடித்துப் பார்த்தது. போரில் அன்று, ஆய்வுக்காக! பகைவர் மண்ணில் அன்று. ஒன்றிய நாடுகள் அவை 1947-இல் காத்துப் பேணுமாறு அமெரிக்காவின் கையில் ஒப்படைத்த மண்ணில்! காவற்பொறுப்பு ஏற்றவனே கொள்ளி வைத்த கொடுமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1954-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பிகினித் தீவில் வெடித்த குண்டு, ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்தின் ஆற்றல் கொண்டது; இரோசிமா நகரை எரித்த குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. செய்தவர் கணக்கையும் மீறி இரு மடங்குக்கு மேல் அது வெடித்தது. உரோங்கெலாப்புத் தீவின்மேல் வெண்சாம்பல் பொழிந்தது. அஃது இன்னதென அறியாச் சிறுவர் அதில் விளையாடினர். இரண்டு நாள் சென்ற பின்னரே அம்மக்கள் அகற்றப்பட்டனர். அதற்குள் தோல் வெந்து புண்ணாயிற்று, மயிர் உதிர்ந்தது, பின்னாளில் கழுத்துச் சுரப்பிகளில் கட்டிகள் முளைத்தன. அப்பக்கம் மீன்பிடித்துக் கொண்டிருந்த சப்பானியப் படகினர் 23 பேரும் நோயுற்றனர். அவருள் ஒருவர் அவ்வாண்டே மாண்டார்.

அவ்வாண்டு ஏப்பிரலில், இத்தகைய வெடிப்புகளை உடனே நிறுத்துமாறு இந்தியத் தலைமையமைச்சர் நேரு உலகிற்கு அழைப்பு விடுத்தார். மார்சல் மக்களும் ஒன்றிய நாடுகள் அவைக்கு முறையீடு விடுத்தனர். குண்டுகள் நிற்கவில்லை, மேலும் நான்காண்டுகள் அங்கே வெடித்தன. 1963-இல்தான் வானிலும் நீரிலும் வெளியிலும் வெடிக்கலாகாது என்று மூன்று வல்லரசுகள் உடன்பட்டன. நிலத்தடியில் வெடிப்பதற்கோ வழியைத் திறந்தே வைத்துக் கொண்டன.

பின்னர் 1968-இல் அணுப் படைக்கலப் பரவல் தடுப்பு உடன்படிக்கை உருவாயிற்று. 1970-இல் நடப்பிற்கு வந்தது. அதில் இரு பாதிகள் உண்டு. 1967 பிறக்குமுன் குண்டு வெடித்த ஐந்து நாடுகளைத் தவிரப் பிற நாடுகள் குண்டு செய்யலாகாது என்பது ஒரு பாதி. அவ்வைந்து நாடுகளும் தம் குண்டுகளை ஒழிப்பதற்கு நன்னம்பிக்கையுடன் பேச்சு நடத்த வேண்டும் என்பது மறு பாதி. அதுவே ஆறாம் பிரிவு. முதற் பாதியைக் கண்காணிக்க வியன்னாவில் ஒரு முகமை இருக்கின்றது, ஆய்வாளர் இருக்கின்றனர். மறு பாதியைக் கண்காணிக்க எவரும் இலர், நாளும் குறிக்கப்படவில்லை. கொடுப்பதற்குக் காலவரையறை இல்லாத கடனைக் கடன் என்பதா, கொள்ளை என்பதா?

1980-களின் நடுவில் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த அணுக்குண்டுகள் இன்று ஏறத்தாழ 12,000 ஆகக் குறைந்துள்ளன என்பது உண்மையே. அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் 1987-லும் 1991-லும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் அதற்குத் துணை நின்றன. ஆயினும் குறைத்தல் வேறு, ஒழித்தல் வேறு. எஞ்சிய குண்டுகளே உலகை அழிக்கப் போதுமானவை.

1996-இல் உலக வழக்குமன்றம், அணுப் படைக்கல ஒழிப்பிற்கான பேச்சைத் தொடங்குவது மட்டுமன்று, அதனை முடித்துக் காட்டுவதும் கடமையே என நடுவர் அனைவரும் ஒருமித்துக் கருத்துரைத்தது. அச்சொல்லை நம்பித்தான் 2014-இல் மார்சல் தீவுகள் ஒன்பது அணுக்குண்டு நாடுகள்மேலும் வழக்கிட்டன. இழப்பீடு கேட்கவில்லை, கொடுத்த சொல்லைக் காக்குமாறே கேட்டன. மன்றத்தின் வரம்பை முன்னரே ஏற்றிருந்த பிரித்தானியா, இந்தியா, பாக்கித்தான் ஆகிய மூன்றன்மேல் மட்டுமே வழக்கு நடந்தது. ஏனைய ஆறும் மன்றத்தின் வாயிலை மிதிக்கவில்லை. 2016 அக்டோபர் 5-இல் தீர்ப்பு வந்தது. வழக்கிடுவதற்கு முன் இந்நாடுகளுக்கிடையே பூசல் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இவ்வழக்கைக் கேட்கத் தனக்கு வரம்பில்லை என்றது மன்றம். பிரித்தானிய வழக்கில் நடுவர் எண்மருக்கு எண்மராகப் பிரிந்தனர். தலைவரின் கூடுதல் ஒப்போலையே வழக்கை வீழ்த்தியது. 67 குண்டுகளைத் தாங்கிய மக்களுக்குப் பூசலே இல்லையாம்!

இதில் இந்திய அரசின் நிலை எண்ணிப் பார்த்தற்குரியது. பரவல் தடுப்பு உடன்படிக்கை நாடுகளிடையே வேற்றுமை பாராட்டுவது என்று சொல்லி அதில் ஒப்பமிட மறுத்தது இந்தியா. அக்குற்றச்சாட்டு முறையானதே. ஆயின் 1974-லும் 1998-லும் குண்டு வெடித்தபின், ஒரு சிறு நாடு அதே வேற்றுமையை எதிர்த்து மன்றம் ஏறியபோது, மன்றத்திற்கு வரம்பில்லை என்று பிரித்தானியாவோடும் பாக்கித்தானோடும் சேர்ந்து உரைத்தது. 1954-இல் நிறுத்துக என்று கேட்ட குரல் எங்கே போயிற்று? தீங்கை வலியோன் செய்யும்போது கண்டிப்பதும், தான் வலியன் ஆனபின் அத்தீங்கில் பங்கு கேட்பதும் அறமாகா.

2017-இல் 122 நாடுகள் கூடி, அணுப் படைக்கலங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றின. 2021 முதல் அது நடப்பில் உள்ளது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுள் ஒன்றேனும் அதில் சேரவில்லை. சேராமையால் அது பயனற்றது என்பார் உளர். அடிமை வணிகம் தீதென்று முதலில் உரைத்தவரும் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர். தீதைத் தீதென்று சட்டத்தில் எழுதி வைப்பதே அதனை ஒழிப்பதன் முதற்படி.

மார்சல் தீவுகளுள் ஒன்றான உருனித்தில், குண்டு தோண்டிய குழியிலேயே நஞ்சேறிய மண்ணைக் கொட்டி, அதன்மேல் கற்காரை மூடியிட்டனர். குழியின் அடியிலோ காப்புத்தளம் இடவில்லை. கடல்நீர் உட்புகுந்து வெளியேறுகின்றது. ஆறாம் பிரிவை நிறைவேற்றாத உடன்படிக்கையும் அத்தகையதே. மேலே மூடி, கீழே நஞ்சு. எளியோர் கையைக் கட்டிய சட்டம் வலியோர் கையையும் கட்டும்வரை, உலகில் இருப்பது அமைதி அன்று, அச்சமே!