குறியும் குற்றமும்

மாணவர் பலருடைய இல்லங்களில் கணினி இன்று ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் ஒப்பான கருவியாயிற்று. ஆயினும் அது சிறிது பிணங்குமாயின் நம்மவர் செய்வது யாது? அணைப்பர், மீண்டும் இயக்குவர், கண்ட விசைகளையெல்லாம் தட்டுவர், ஈற்றில் 'ஃபார்மட் செய்துவிடுவோம்' என்று துணிவர். இப்பழக்கம் நன்றன்று என்பதே நம் கருத்து.

நண்பர் ஒருவர் ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு நாட்களே இருந்தபோது, அவர் கணினித் திரையின் மூலையில் 'இணையம் இல்லை' என்னும் குறி தோன்றிற்று. அவர் அனைத்தையும் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவினார். அங்ஙனம் செய்யுமாறு அருகிருந்து தூண்டியவர் நாமே. குறி மாறவில்லை. ரௌட்டரின் பின்புறத்துக் கம்பி தளர்ந்திருந்தமையே காரணமென்று பின்னர் அறிந்தோம். கம்பியைச் செருக ஒரு நொடி போதுமாயிருந்தது. அழிந்த மூன்று மாத உழைப்போ திரும்பவில்லை.

குறி வேறு, குற்றம் வேறு. விண்டோஸ் தன் இணைப்பைச் சோதிக்குமாறு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சர்வரிலிருந்து சிறியதோர் உரைக்கோப்பைக் கேட்கின்றது. எதிர்பார்த்த விடை வாராவிடின் 'இணையம் இல்லை' என்று அறிவிக்கின்றது. ஃபயர்வால், வி.பி.என். முதலியன அவ்வொரு கேள்வியைத் தடுப்பின், ஏனைய தளங்கள் செவ்வனே திறக்கும்போதும் குறி பொய் கூறும்.

ஆதலின் அருகிலிருந்து தொலைவு நோக்கி முறையாக வினவுதல் வேண்டும். முதலிற் கம்பியையும் ரௌட்டரின் விளக்குகளையும் காண்க. அடுத்து, அதே வைஃபையில் கைபேசிக்கு இணையம் வருகின்றதா என்று பார்க்க. அதற்கும் வாராவிடின் பெரும்பாலும் பழி கணினியினுடையதன்று. பின்னர்க் கணினியின் ஐ.பி. முகவரியை நோக்குக. அது 169.254 என்று தொடங்குமாயின், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடையாமையாற் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அதன்பின் 'பிங்' கட்டளையால் ரௌட்டரையும், அப்பால் 8.8.8.8 என்னும் முகவரியையும் அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்கு விடை வந்து, தளத்தின் பெயருக்கு வாராவிடின், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். பணியையே ஐயுறல் தகும்.

சாளரங்களுக்கும் இம்முறையே பொருந்தும். இரண்டாம் திரையைக் கழற்றியபின் ஒரு சாளரம் காணாமற்போயின், அஃது அழிந்ததன்று. இல்லாத திரையின் எல்லைக்குள் நிற்கின்றது. ஆல்ட், டேப் விசைகளால் அதனைத் தேர்ந்து, ஆல்ட்டோடு ஸ்பேஸ் விசையையும், பின் எம் விசையையும் தட்டி, அம்பு விசைகளால் நகர்த்தி மீட்கலாம். திரை சிதைந்து தோன்றின் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு கருவியிற் காண்க. ஆங்கும் சிதைவு தெரியின் மென்பொருளை ஐயுறுக. தெளிவாயிருப்பின் பெரும்பாலும் திரையிலோ கம்பியிலோ குற்றம் இருக்கும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்தின், திறந்த கோப்புகளை மூடாமலே வரைகலை டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

'இவ்வாராய்ச்சி நமக்கு எற்றுக்கு? பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாமே' என்பாரும் உளர். கொடுக்கலாம், சில பழுதுகள் அவர் கைக்கே உரியன. ஆயினும் எவற்றைப் பார்த்தோம், எது மாறிற்று என்று சொல்ல அறிந்தார்க்கே அவரும் விரைந்து உதவ இயலும்.

எதையும் அழிக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வைக்க. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியதைத் தாளிற் குறித்துக்கொள்க. ஆய்வுக்கூடத்தில் நாம் பயிலும் ஒழுங்கு இதுவன்றோ? அஃது ஆய்வுக்கூட வாயிலோடு நின்றுவிடுமாயின், நாம் கற்ற கல்வி தேர்வுத்தாளுக்கே பயன்பட்டதாகும். நண்பர் இழந்த ஏட்டினால் நாம் பெற்ற பாடம் இது. பிறர் அதனை இழப்பின்றியே பெறுவாராக.