படம் எடுத்தால் மட்டும் போதுமா?

டிஜிட்டல் கேமரா வாங்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை மெகாபிக்சல்?' என்பதுதான். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்து கொண்டேன்.

வேலை விஷயமாகக் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளியும் கோதுமை வயலும்தான். இந்தச் சமவெளியை 'பிரெய்ரி' என்கிறார்கள். விடுமுறை நாட்களில் கேமராவுடன் கிளம்பி விடுவேன். ஆளில்லாத பண்ணை வீடுகள், மூடிக் கிடக்கும் பள்ளிகள், ரயில் பாதை ஓரம் உயர்ந்து நிற்கும் மரத்தாலான தானியக் கிடங்குகள் என்று நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன்.

1930களில் கனடாவின் பிரெய்ரி மாகாணங்களில் இத்தகைய கிடங்குகள் 5,700க்கும் மேல் இருந்தன. பின்னர் லாரிகள் வந்தன. கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன. பெரிய கான்கிரீட் கிடங்குகள் எழுந்தன. மரக் கிடங்குகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டு விட்டன.

ஊர் திரும்பி, படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது. கேமராவில் தேதியை செட் செய்யவே இல்லை. எந்தக் கிடங்கு எந்த ஊர் என்றும் குறித்து வைக்கவில்லை. நாளை அந்தக் கிடங்கு இடிந்து போனால் என் படம் அதற்குச் சாட்சி ஆகாது, வெறும் வால்பேப்பர்தான்!

அமெரிக்காவில் 1935 முதல் 1944 வரை அரசு போட்டோகிராபர்கள் கிராமங்களையும், வறட்சியில் கைவிடப்பட்ட பண்ணைகளையும் படம் எடுத்தார்கள். சுமார் 1,75,000 நெகடிவ்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளன. பல படங்களுக்கு இடமும் மாதமும் வருடமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவை இன்றும் பயன்படுகின்றன. அவர்களில் ஒருவரான ஆர்தர் ரோத்ஸ்டீன், 1936ல் தெற்கு டகோடாவில் ஒரு மாட்டு மண்டை ஓட்டைச் சில அடி நகர்த்தி வைத்துப் படம் எடுத்தார். இது வெளியே தெரிந்ததும் 'மோசடி' என்று பத்திரிகைகள் சாடின. இன்று நாமோ ஒரே க்ளிக்கில் வானத்தையே மாற்றி விடுகிறோம்!

எனவே நண்பர்களே, கேமரா வாங்கியதும் முதலில் தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள். ஊர், வருடம் வாரியாக ஃபோல்டர் உருவாக்குங்கள். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் பகுதியில் இடத்தின் பெயரை டைப் செய்யலாம். எடிட்டிங் எல்லாம் காப்பியில் மட்டும். ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். அதை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் சேமித்து வையுங்கள்.

கட்டடம் போன பிறகு படம்தான் மிஞ்சும். அது எந்த ஊர், எந்த வருடம் என்று எழுத ஒரு நிமிடம் கூட ஆகாது.