கதவடைத்து உண்ணும் உணவு

ஊருக்கு ஊர் உணவு வேறுபடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் நம் ஊர் உணவே உணவென்றும், பிறர் உண்பனவெல்லாம் விநோதமென்றும், அவ்விநோதங்களுள்ளும் சில போற்றத்தக்கன, சில நகைக்கத்தக்கன என்றும் நாம் வகுத்து வைத்திருக்கும் முறைக்குக் காரணம் யாது? இதனைக் குறித்து எம் மனத்திற்பட்ட சிலவற்றைக் கலாசாலைச் சகோதரர் முன் வைக்க விழைகின்றோம். இதற்கு ஏதுவாயிருந்தது விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியேயாம்.

ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில், நண்பர் அறுவர் ஓர் அறையிற் கூடி, ஜப்பான் தேசத்து உணவுகளைக் காட்டும் படமொன்றைக் கைப்பேசியிற் கண்டுகொண்டிருந்தோம். நாட்டோ என்பது முதலில் வந்தது. வேகவைத்த சோயா மொச்சையை ஒருவகை நுண்ணுயிரால் ஒரு நாளளவு புளிக்கவைத்து ஆக்குவது அது. குச்சியால் எடுக்குங்கால் சிலந்தி நூல்போல் இழையோடும். அதன் மணமோ புதியவரைப் புறங்காட்டச் செய்யும். மிட்டோ நகரம் அதற்குப் பெயர் பெற்றது. காலையில் அதனைச் சோற்றொடு கலந்து உண்பர். நாகனோ என்னும் மலைநாட்டார் நெல்வயல்களிற் பிடித்த வெட்டுக்கிளிகளைச் சோயாச் சாற்றிலும் சர்க்கரையிலும் சுண்டக் காய்ச்சி உண்பர். குளவிப் புழுக்களையும் அவ்வாறே சமைப்பர். குமமோட்டோவிலே குதிரை இறைச்சியைப் பச்சையாகவே மெல்லிதாய் அரிந்து பரிமாறுவர். ஃபுகு என்னும் மீனோ உயிரைப் போக்கும் நஞ்சுடையது; ஆதலின் உரிமம் பெற்ற சமையற்காரரே அதனைத் திருத்தலாம். இவற்றைக் கண்ட எம் நண்பர் முதலில் முகஞ்சுளித்தனர், பின்னர், "எத்துணைப் பழமையான நாகரிகம்!" என வியந்தனர். ஜப்பானியரின் உணவு மரபை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை 2013ஆம் ஆண்டில் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்ததென்றும் ஒருவர் எடுத்துரைத்தார்.

அவ்வேளையில் மற்றொருவர் எம் கட்டிலின்மேல் இருந்த காகிதப் பொட்டலமொன்றைப் பிரித்தார். அன்று மாலைதான் ஊரினின்று எம் பாட்டியார் கொடுத்தனுப்பியது அது. "அடே, இது ஈசலன்றோ! இதையுமா தின்பார்கள்?" என்றார் அவர். அறை முழுதும் நகைப்பொலி எழுந்தது. யாம் செய்தது யாது? "ஊரார் ஒருவர் வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னது, எமதன்று" என்று பொய் கூறி, அவர்களோடு சேர்ந்து யாமும் நகைத்தோம். நண்பர் உறங்கிய பின்னர்க் கதவைச் சாத்திவிட்டு அதனை உண்டோம். அன்று பாட்டியாரின் கைப்பக்குவத்தில் சுவை குறைந்திருந்ததாகத் தோன்றிற்று. குறைந்தது அதன் சுவையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

எம் ஊர் சாணார்பட்டி. திண்டுக்கல்லினின்று நத்தம் செல்லும் சாலையில், சிறுமலைத் தொடரை அடுத்துள்ள மேட்டுநிலத்து ஊர் அது. கடலுக்கும் எமக்கும் வெகுதூரம். ஆற்று நீர்ப் பாய்ச்சலும் இல்லை. மழையும் கிணறுமே வாழ்வு. வெயிலில் வறண்ட நிலம் முதல் மழையில் நனைந்ததும், கறையான் புற்றினின்று இறகு முளைத்த ஈசல்கள் திரள் திரளாய் வெளிப்படும். அவை புதுக் குடி அமைக்கப் புறப்படும் ஆணும் பெண்ணுமாம். புற்றின் அருகே விளக்கொன்றை ஏற்றி, அதனடியில் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்தால், ஒளியை நாடி வந்து அதில் வீழும். அவற்றை உலர்த்தி, முறத்திலிட்டுப் புடைத்து இறகைப் போக்கி, வெறும் சட்டியில் வறுத்து, வறுத்த அரிசியும் உப்பும் கூட்டி உண்பர். அது நெய்யில் வறுத்தது போன்ற மணமுடையது. நாகனோவும் கடலில்லா நாடே. அந்நாட்டார் வெட்டுக்கிளியை நாடியதற்கும் எம்மூரார் ஈசலை நாடியதற்கும் காரணம் ஒன்றேயாம். கைக்கெட்டிய இடத்தில் இயற்கை அளித்த ஊட்டத்தை வீணாக்காமை என்பதே அது.

இஃது இழிந்தோர் வழக்கமோ எனின், அன்று. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதனை எடுத்துரைத்தல் எம் கடன். புறநானூற்றின் 119ஆம் செய்யுளில், பாரியின் பறம்பு நாட்டு வளத்தை நினைந்து வருந்தும் கபிலர், கார்காலத்துச் செம்புற்றின் ஈசலை மோரிலிட்டுச் சமைத்த புளிப்புணவை அவ்வளத்தின் அடையாளமாகவே கூறுகின்றார். அகநானூற்றின் 394ஆம் செய்யுளில், ஆட்டுத் தயிரும் வரகரிசியும் ஈசலும் கூட்டி அட்ட சுடுசோறு விருந்துணவாகவே வருகின்றது. பறம்பு என்று அறிஞர் கருதும் பிரான்மலையோ, எம் ஊரினின்று நத்தத்தைக் கடந்து கிழக்கே சென்றால் வெகுதூரமன்று. ஆகவே, பெரும்புலவர் பாடிய அவ்வுணவே எம் பாட்டியாரின் பொட்டலத்திலும் இருந்தது. வகுப்பிலே அச்செய்யுட்களைப் படித்து மதிப்பெண் பெறும் நாம், விடுதியிலே அவ்வுணவைக் கண்டு நகைக்கின்றோம்.

இவ்வருவருப்புப் பூச்சியின்மேல் எழுவதன்று என்பதே எம் துணிபு. என்னை? தேனீ தன் வயிற்றினின்று கக்கியதையே நாம் தேனென்று நக்குகின்றோம். இறாலும் நண்டும் பூச்சிகளோடு ஒரே பெருந்தொகுதியைச் சார்ந்தன. அவற்றிற்கு மிகுந்த விலை கொடுக்கின்றோம். திண்டுக்கல் பிரியாணியை உண்ணத் தொலைவினின்றும் மக்கள் வருகின்றனர். அவ்வூர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எமக்கும் பெருமையே. ஆயின் அதே ஆட்டின் இரத்தப் பொரியலையும் குடற்குழம்பையும் வீட்டில் உண்பவர், அதனை வெளியிற் சொல்லக் கூசுகின்றனர். பழைய சோறும் புளித்த உணவே, நாட்டோவும் புளித்த உணவே. ஒன்றை ஏழைமை என்கின்றோம், மற்றொன்றை நாகரிகம் என்கின்றோம். ஆகவே நாம் எடை போடுவது உணவை அன்று, அதனை உண்பவரை. தூரத்துச் செல்வ நாட்டார் உண்டால் வியப்பு. பக்கத்துக் குடிசையார் உண்டால் நகைப்பு.

இந்நகைப்பு செய்யும் தீங்கு சிறிதன்று. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு காட்சியைக் காட்டுகின்றார். பசியால் வாடிய கிணைமகளொருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணின் பழிப்பரே என நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கின்றாள். வறுமையினும் கொடியது அக்கதவு என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார். அன்று அவள் அடைத்த கதவையே அவ்விரவில் யாமும் அடைத்தோம். எம்மைப் போல் கதவடைத்தோர் இவ்விடுதியில் இன்னும் எத்துணையரோ!

பிற தேசத்தார் இப்போது இதனை வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்கியுள்ளனர். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 1900க்கும் மேற்பட்ட பூச்சி வகைகள் உலகில் உண்ணப்படுகின்றன என்று கூறிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டில் ஒருவகை வண்டின் புழுவை உணவாக விற்க அனுமதித்தது. நம் தேசத்திலேயே, ஒடிசாவின் மயூர்பஞ்சு பகுதியார் செவ்வெறும்பை அரைத்து ஆக்கும் துவையலுக்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிட்டியது. இவை மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும், மேனாட்டார் சான்றிதழ் தந்த பின்னரே நம் பாட்டியாரை மதிப்போம் எனின், அதுவும் ஓர் அடிமைப் புத்தியே.

ஈண்டுச் சிலர் தடை கூறலாம்: "எல்லாவற்றையும் யாவரும் உண்ணவேண்டுமோ?" வேண்டா. இறால் ஒவ்வாத உடம்பினர்க்கு ஈசலும் ஒவ்வாதிருக்கக் கூடும். ஈசலை மிகுதியாய் உண்டால் வயிறு நோகும் என்று எம் பாட்டியாரே எச்சரிப்பார். உடும்பு முதலியவற்றைக் கொல்லுதலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. அதனை மீறுதல் தகாது. புலால் மறுத்தோர்க்கு அவர் கொள்கை உண்டு. அதனை யாம் மதிக்கின்றோம். உண்ண மறுத்தல் ஒருவர் உரிமை. உண்பவரை இகழ்தல் எவர்க்கும் உரிமையன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே யாம் வற்புறுத்துவது.

கிறிஸ்தவக் கலாசாலையில் பயிலும் நமக்கு இது புதிய பாடமுமன்று. வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உண்டு வாழ்ந்த யோவான் ஸ்நானகனைப் பற்றி ஆலயத்தில் வாசிக்கும்போது நம்முள் எவரும் நகைப்பதில்லை. யோப்பா பட்டணத்தில் பேதுரு கண்ட தரிசனத்தில் இறங்கி வந்தன பலவகை உயிர்களே. ஆயின் அவர் அதனாற் கற்றது உணவைப் பற்றியதன்று, எம்மனிதனையும் தீட்டுள்ளவனென்று எண்ணலாகாது என்பதே.

ஆகவே கலாசாலைச் சகோதரர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. விடுமுறைக்கு ஊர் செல்வோர், தத்தம் பாட்டியார் மழைக்காலத்தும் பஞ்சகாலத்தும் எவற்றை எவ்வாறு சமைத்தனர் என்பதைக் கேட்டு எழுதிக்கொணர்க. ஜப்பானியர் உணவை வியக்கும் அதே கண்ணால் பக்கத்துக் கட்டிலாரின் பொட்டலத்தையும் நோக்குக. எமக்கும் ஒரு கடன் உண்டு. அன்று எமதன்று என்று கூறியதைப் பாட்டியாரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்பத்திரிகையை அவருக்குப் படித்துக் காட்டுங்கால் சொல்லவேண்டும். அடுத்த மழைக்குப் பின் அவர் அனுப்பும் பொட்டலம் விடுதியிற் கதவு திறந்தபடியே பிரிக்கப்படும். விரும்புவோர் வருக, விரும்பாதோர் அருகிருந்து பேசிக்கொண்டிருக்க.