பெயர் ஒன்று, குலம் இரண்டு

இராமேசுவரம் சென்று வந்த குடும்பங்கள் பலவற்றின் தில்லி வீட்டு அலமாரியில் ஒரு சங்கோ சிப்பியோ இருக்கும். அதனைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றின் முதுகில் வெண்ணிறக் கோடுகள் நெளிந்து ஒட்டியிருக்கும். குழந்தைகள் அழுக்கென்று அவற்றைச் சுரண்டுவர். அவை அழுக்கல்ல, கடற்புழுக்கள் கட்டி வாழ்ந்த வீடுகள். அப்புழுக்களை இனம் பிரித்தறியும் முறையை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் குழலை நோக்கவேண்டும். சுண்ணாம்பாலான கெட்டிக் குழலாயின், அதைக் கட்டியது செர்ப்புலிட் குடும்பத்துப் புழு. தோல்போல் மெத்தென்று இருப்பின் சபெல்லிட் குடும்பம். அது உடற்பசையோடு சேற்றையும் நுண்மணலையும் குழைத்துக் கட்டுவது. மணற்பருக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியதாயின் சபெல்லாரிட் குடும்பம். ஆயினும் எச்சரிக்கை வேண்டும்: வெர்மெட்டிட் என்னும் நத்தையும் சுண்ணாம்புக் குழல் கட்டும். நத்தைக் குழலின் உட்புறம் பளபளக்கும். புழுவின் குழல் பெரும்பாலும் மங்கலாயிருக்கும்.

அடுத்து நோக்கவேண்டியது மூடி. செர்ப்புலிட், சபெல்லிட் ஆகிய இரண்டிற்கும் தலையில் இறகுமுடி உண்டு. உணவை வடிக்கும் சல்லடையும் மூச்சுவிடும் செவுளும் அதுவே. நிழல் பட்டவுடன் புழு உள்ளே மறைந்துகொள்ளும். செர்ப்புலிட் புழுக்களுள் பல, மூடி கொண்டு வாயிலையும் அடைத்துக்கொள்ளும்; சபெல்லிட் புழுவுக்கு மூடி இல்லை.

உயிருள்ள பவளத்தில் குடியேறி வாழும் கிறிஸ்துமஸ் மரப்புழு, செர்ப்புலிட் குடும்பத்தது. அதன் குழலைச் சுற்றிப் பவளம் வளர்ந்து மூடிவிடும். திருகிய இரு முடிகளே வெளியே தெரியும். ஒரே பாறையில் நீலம், மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் இருக்குமாதலால் நிறத்தை நம்புதல் கூடாது. மூடியின்மேல் மான்கொம்புபோற் கிளைத்த முட்களே தக்க அடையாளம்.

மேற்கிந்தியத் தீவுக் கடலில் வாழும் இத்தகைய புழுவுக்கு 1766-இல் பல்லாஸ் என்னும் அறிஞர் பெயரிட்டார். நம் இந்துமாக்கடற் புழுவும் நெடுங்காலம் அப்பெயராலேயே வழங்கிற்று. 1970-இல் டச்சு அறிஞர் டென் ஹோவ் இரண்டுக்குமுள்ள வேறுபாடுகளை விளக்கினார். இன்று அவை வெவ்வேறு இனங்கள். 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வோ வேறொன்றைக் காட்டிற்று: மூடியின் வடிவங்கொண்டு மூன்றினமெனக் கருதப்பட்ட இந்து, பசிபிக் கடற்புழுக்கள் உண்மையில் ஓரினமே! எம்போன்ற இரயில்வே குமாஸ்தாக்கள் சீட்டைப் பார்த்து மூட்டையை அனுப்புகிறோம். அறிஞரோ மூட்டையை அவிழ்த்துப் பார்க்கின்றனர்.

ஒரு புழுவின் பெயருக்கு இத்தனை பாடு எதற்கு என்பீர்கள். இரண்டினத்தை ஒன்றென எண்ணினால், ஒன்று அழிந்தாலும், "அங்கே இருக்கிறதே" என்று வாளாவிருந்துவிடுவோம். சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய நூலை 1927-இல் வெளியிட்டது. இந்திய நாட்டுக் கடற்புழுக்களைத் தொகுத்துரைத்த ஃபோவெலின் நூல் 1953-இல் வெளிவந்தது. அன்று இருந்தவை எவை, இன்று இருப்பவை எவை என ஒப்பிட இத்தகைய பட்டியல்களே துணை. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. ஆயினும் 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. பவளம் மடிந்தால் அதனை நம்பிக் குடியேறிய புழுவின் நிலையும் ஆட்டங்காணும். ஆகவே, கோடை விடுமுறையில் அங்குச் செல்லும் அன்பர்கள் பவளத்துண்டு எதனையும் எடுத்துவர வேண்டா; அது சட்டப்படியும் குற்றமாகும்.

இத்தலைநகரில் நெல்லூராரும் பாலக்காட்டாரும் தஞ்சாவூராரும் பலருக்கு 'மதராசி'களே. அது கேட்டு நாம் மனம் நோகிறோம். நாமோ, நமக்குள் ஊராலும் வழக்காலும் மூன்று கூறாகி நிற்கிறோம். வேறானதை ஒன்றென்பதும் பிழை. ஒன்றானதை வேறென்பதும் பிழை. இரண்டும் அருகிற் சென்று பாராமையால் விளைபவை.