கதாசிரியரின் ஜீவனம்

போடிநாயக்கனூர்வாசிகளுக்கு ஏலக்காயைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நட்டு மூன்றாம் வருஷத்தில்தான் செடி பலன் தரத் தொடங்கும். அதுவரை காத்திருக்கும் விவசாயிக்கு யோசனை சொல்ல, மலைமேல் மயிலாடும்பாறையில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காயைப் பறித்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்துக் கொண்டுவந்தால், போடியிலேயே ஏலம் நடக்கிறது. விலை ஏறலாம், இறங்கலாம். ஆனால் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போயிற்று என்பது விற்றவருக்குத் தெரியும்.

அதே ஊரில் ஒரு வாலிபர் நாவல் எழுதப் புகுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கும் மூன்று வருஷ உழைப்பு வேண்டும். ஆனால் நாற்றங்கால் இல்லை, சந்தை இல்லை, எத்தனை பிரதிகள் விற்றன என்ற கணக்குக்கூடப் பல சமயம் இல்லை. இருநூறு ரூபாய்ப் புத்தகம் ஐந்நூறு பிரதிகள் விற்று, நூற்றுக்குப் பத்து வீதம் ஒழுங்காகவே கொடுக்கப்பட்டாலும், கிடைப்பது பதினாயிரம் ரூபாய். மூன்று வருஷத்துக்கு இதுதான் கூலி!

கலைமகளின் சேவைக்குக் கூலி கேட்கலாமா என்று சில பெரியோர் கேட்பதுண்டு. அரிசிக் கடைக்காரர் அந்தத் தத்துவத்தை ஒப்புக்கொள்வதில்லை. புதுமைப்பித்தன் பத்திரிகை உத்தியோகத்திலும் பிறகு சினிமாவிலும் ஜீவனம் தேடி, 1948ல் நாற்பத்திரண்டாம் வயதில் காசநோய்க்கு இரையானார். அவர் நூல்களைச் சர்க்கார் நாட்டுடைமையாக்கியது 2002ல். உப்பளத் தொழிலாளரிடையே நேரில் சென்று பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதிய ராஜம் கிருஷ்ணன், முதுமையில் பிறர் ஆதரவை நம்பி வாழ்ந்து 2014ல் மறைந்தார். கல்கி செழிப்பாக வாழவில்லையா என்பீர்கள். அவருக்கு ‘நவசக்தி’ பயிற்சி தந்தது; ‘ஆனந்த விகட’னும், பின்னர் 1941ல் தொடங்கிய சொந்தப் பத்திரிகையும் சோறு போட்டன. அந்தப் பத்திரிகையின் அச்சுப் பதிப்பே இன்று இல்லை.

ஆகவே, எழுத வரும் வாலிபர்களுக்கு நமது முதல் யோசனை: கையிலுள்ள தொழிலை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது: பயிற்சிக்குப் பட்டணம் போக வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி, ஏலத் தோட்டங்களில் குனிந்து காய் பறித்து, இருட்டியபின் வீடு திரும்பும் பெண்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். ராஜம் கிருஷ்ணன் கற்ற பள்ளிக்கூடம் இத்தகையதே. மூன்றாவது, வக்கீல் என்ற முறையில் நாம் சொல்வது: கையெழுத்திடுமுன் படியுங்கள். 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலவரையறை குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். இதை அறியாமல் ஆயுள் முழுவதற்கும் உரிமையை இழந்துவிட்டதாக எண்ணி ஏங்கும் ஆசிரியர் உண்டு.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 1948ம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தால், வீட்டு வரியுடன் நூலக வரியும் ஜனங்கள் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கும்போது, ஆசிரியரின் பங்கை நேரே அவருக்கே அனுப்பினால் என்ன? டென்மார்க் தேசம் 1946லேயே, நூலகங்களில் உள்ள நூல்களுக்காக ஆசிரியருக்குத் தனித்தொகை தர ஏற்பாடு செய்தது. பிரிட்டன் 1979ல் அதற்குச் சட்டமே இயற்றியது. நாம் மட்டும் ஆசிரியர் இறந்தபின் வாரிசுகளைத் தேடிக் காசோலை கொடுப்பதில் திருப்தியடைகிறோம்.

இது எழுத்தாளரின் வயிற்றுப்பாடு மாத்திரமன்று. வசதியுள்ளவர் மட்டுமே எழுதக்கூடிய நாட்டில், வசதியற்றவரின் கதை எழுதப்படாது. போடி மலைச் சரிவில் காய் பறிக்கும் பெண்ணின் மகள் நாளை நாவல் எழுத வேண்டுமானால், எழுத்து அவளுக்கு அரைவயிற்றுக் கஞ்சியாவது ஊற்ற வேண்டும். ஏலக்காய்க்குத் தந்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கையாவது கதைக்கும் தருவார்களா? நமது அன்பர்கள் இந்த மாதம் ஒரு தமிழ் நாவலை விலை கொடுத்து வாங்கி, அந்தக் காரியத்தைத் தங்களிடமிருந்தே தொடங்குவார்களாக.