லயத்து வாசலில் வந்து பதில் சொல்லட்டும்

1840ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கிடைத்தால் மரக்குடிசையிலேயே முடங்கிவிடுவார் என்று எதிரணிப் பத்திரிகையொன்று அவரை ஏளனம் செய்தது. விக் கட்சியினர் அந்த ஏளனத்தையே கொடியாகப் பிடித்தார்கள். சக்கரம் பூட்டிய மரக்குடிசைகள் வீதிவலம் வந்தன. கூட்டங்களில் மது ஓடியது. பாட்டும் முழக்கமும் பதக்கமும் ஊரெங்கும் பரவின. தனக்காகத் தானே மேடையேறி வாக்குக் கேட்பது அந்தப் பதவிக்கு இழுக்கென்று அதுவரை கருதப்பட்டது. ஹாரிசன் ஏறிப் பேசினார். தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அவர் வென்றார்.

ஆனால் ஹாரிசன் குடிசையில் பிறந்தவரல்லர். வர்ஜீனியாவில் அடிமைகள் உழைத்த பெருந்தோட்டத்து மாளிகையில் பிறந்தவர். பெரிய பங்களாவையும் லயத்தையும் ஒரே மலையில் பார்த்து வளர்ந்த மலையகத் தமிழரான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூத்துக்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. சொத்துள்ளவருக்கே வாக்கு என்ற விதி தளர்ந்து, ஏழை வெள்ளை ஆண்களுக்கும் வாக்கு வந்திருந்தது. அதனால்தான் குடிசை மேடையேறியது. அடிமைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கில்லை. அவர்களிடம் வாக்குக் கேட்டு எவரும் வரவில்லை.

நாம் வாக்கிருந்த நிலையிலும் வாக்கில்லாத நிலையிலும் இருந்தவர்கள். 1947 தேர்தலில் நம் மக்களின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே நம் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. இலங்கையின் முதல் ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20இல் நடந்தபோது ஜே.ஆர். ஜயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ உட்பட 6 பேர் போட்டியிட்டார்கள். நம்மில் இலட்சக்கணக்கானோர் அன்று நாடற்றவர்கள். யானைச் சின்னமா கைச் சின்னமா என்று நாடு கேட்டுக்கொண்டிருக்க, கொழுந்துக் கூடையோடும் றப்பர்ப் பால்வாளியோடும் அவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை இழுபட்டது.

இன்று வாக்கு இருக்கிறது. ஆனால் பிரசாரம் யாரிடம் வருகிறது? தொழிற்சங்கத் தலைவரிடம். அவர் வேட்பாளரின் கையை உயர்த்திப் பிடித்தால் தோட்டமே சம்மதித்ததாகக் கணக்கு. 2024 மே தினத்தில் கொட்டகலைத் தொழிற்சங்க மேடையில் தோட்டத் தொழிலாளருக்கு 1,700 ரூபாய் நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டது. கம்பெனிகள் எதிர்த்தன, வழக்கு நடந்தது. ஜனாதிபதித் தேர்தல் மாதமான செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயில் நின்றது.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில் ரம்புக்கனை வழியாகத்தான் ஏறுகிறது. வேட்பாளர்களும் சப்ரகமுவ தோட்டங்களிலுள்ள நம்மைக் கடந்துதான் மலைக்குப் போகிறார்கள். நுவரெலியாவில் நாம் திரளாக இருக்கிறோம். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சிதறிக் கிடக்கிறோம், ஆகவே நாடாளுமன்றத் தேர்தலில் நம் எண்ணிக்கை அமுங்கிப் போகிறது. ஜனாதிபதித் தேர்தலில் அப்படியில்லை. முழு நாடும் ஒரே தொகுதி. இங்கே ஒரு றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் அக்காவின் வாக்குக்கும் கொட்டகலைத் தொழிற்சங்கத் தலைவரின் வாக்குக்கும் ஒரே மதிப்பு. அதோடு 2024இல் எவருக்கும் பாதி வாக்கு கிடைக்காமல், வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. நம்மில் பலர் ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொள்கிறோம். 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதும் உரிமையைத் தோட்டந்தோறும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் இவ்விதழின் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை எந்தக் கட்சி வந்தாலும் மாலையை ஒரு பக்கம் வையுங்கள். சப்ரகமுவ தோட்டங்களில் காணி யாருக்கு, வீட்டுக்கு உறுதி எப்போது, தமிழ்ப் பாடசாலைக்கு ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதி, கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தந்த பதிலை லயத்துச் சுவரில் ஒட்டுங்கள். தராதவருக்கு வாக்களிக்காதீர்கள்.