கங்கோங்கும் கள்ளும்

"டீச்சர், இவரு காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பாரு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் காதருகே குனிந்து கேட்டார். கிள்ளானில், எங்கள் தாமானின் பூப்பந்துத் திடலில் கூடாரம் போட்டு நடந்த தேர்தல் செராமா அது. மேடையில் நின்றவர் நம்மவர். ஓட்டுக் கேட்டு வந்தவர்தான் என்றாலும் அண்ணன் தம்பியைத் திட்டும் உரிமையோடு பேசினார். நாம் ஏழையாக இருப்பதற்கு யாரையும் குற்றம் சொல்லக் கூடாதாம். சோம்பலை விடணுமாம், குடியை விடணுமாம், பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கணுமாம். கூடாரம் முழுக்கக் கைதட்டல்.

கேள்வி கேட்ட பெண் வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். அரசாங்கப் பள்ளி ஒன்றில் குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை. நாலே காலுக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவைத்துவிட்டு, இருட்டோடு கிளம்புகிறவர். வாரத்தில் நான்கு இரவு ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறார். கழிவறை கழுவும் மருந்தில் ஊறி ஊறி அவருடைய கட்டைவிரலில் ரேகையே தேய்ந்துபோய்விட்டது. ஒருமுறை வங்கியில் பணம் எடுக்கப் போனபோது கைரேகைக் கருவி மூன்று தடவையும் அவரை ஏற்கவில்லை. வெளியே வந்து, குழாயடியில் கையை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார். கூட இருந்து பார்த்தவள் நான்.

முப்பத்தொரு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய பழக்கம், எதையும் எழுதிவைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது. தோட்டத்து மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று என் அம்மா கடன் எழுதிவந்தது 555 புத்தகத்தில். சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தப் புத்தகம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. 2008 பொதுத்தேர்தலிலிருந்து அரசியல்வாதிகள் பேசுவதை நான் அதில்தான் குறித்துவருகிறேன். இடப்பக்கம், இனத்தைப் பற்றிப் பேசியது. வலப்பக்கம், ஏழ்மையைப் பற்றிப் பேசியது. இப்போது ஓடுவது மூன்றாவது புத்தகம். இடப்பக்கத்துப் பேச்சுகளுக்குப் போலீஸ் புகார் உண்டு, கண்டன அறிக்கை உண்டு, சிலவற்றுக்கு மன்னிப்பும் உண்டு. வலப்பக்கத்தில் நம்மைப் பற்றி இருக்கும் பேச்சுகளுக்கு அநேகமாகக் கைதட்டல்தான்.

இடப்பக்கத்தில் முதலில் இருப்பது பெர்மாத்தாங் பாவ். 2008 ஆகஸ்டு இடைத்தேர்தல் பிரசாரத்தின்போது அம்னோவின் புக்கிட் பெண்டேரா தொகுதித் தலைவர் அகமட் இஸ்மாயில், சீனர்கள் இங்கே ஒண்டிக்கொண்டிருப்பவர்கள் என்ற பொருள்படப் பேசினார். அம்னோ அவரை மூன்று ஆண்டுக்கு இடைநீக்கம் செய்தபோது தேர்தல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் அன்வார் 15,671 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். ஐந்து மாதம் முன்பு அதே தொகுதியில் அவர் மனைவி வான் அஸிஸா பெற்ற பெரும்பான்மை 13,388. ஒரு சொல்தான் இத்தனை ஓட்டைக் கூட்டியது என்று நான் சொல்லமாட்டேன். எரிகிற அடுப்பில் அதுவும் ஒரு விறகு.

2013-இல் நடந்தது எங்கள் ஊருக்கு இன்னும் பக்கம். அரசியல்வாதி சுல்கிப்ளி நோர்டின் இந்துக்களின் தெய்வங்களைக் கேலி செய்து பேசிய பழைய காணொளி ஒன்று அந்த மார்ச்சில் பரவியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த சில வாரங்களில் தேசிய முன்னணி அவரையே ஷா ஆலாம் நாடாளுமன்றத் தொகுதிக்கு வேட்பாளராக நிறுத்தியது. ஷா ஆலாம் கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலையில் கால் மணி நேரம். அப்போது பிரிக்பீல்ட்ஸில் என் தம்பி வீட்டில் இருந்தேன். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமராக இருந்த மன்மோகன் சிங்கும் நம் பிரதமராக இருந்த நஜிப்பும் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்த இடம். நஜிப் இந்தியர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன தமிழ்ச் சொல் 'நம்பிக்கை'. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் இளகியிருந்தவன் என் தம்பி. "மன்னிப்புதான் கேட்டுட்டாரேக்கா" என்றான். "கேட்டார், சரி. கேட்டவருக்கு யாருடா டிக்கெட் கொடுத்தது?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. சுல்கிப்ளி காலிட் சமாட்டிடம் பத்தாயிரத்துக்கும் அதிகமான வாக்கில் தோற்றார்.

இந்த இரண்டைப் பார்த்துவிட்டு, இனத்தை இழித்துப் பேசினால் தோற்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஆண்டு அக்டோபர் அந்த நினைப்பைக் கலைத்தது. உள்துறை அமைச்சராக இருந்த அகமட் ஸாஹிட் ஹமிடி மலாக்காவில் ஒரு கூட்டத்தில் பேசினார். குண்டர்களில் பெரும்பான்மை இந்தியர்கள், பாதிக்கப்படுவோர் மலாய்க்காரர்கள், முதலில் சுட்டுவிடுவதில் தப்பில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். இரண்டே வாரத்தில் அம்னோ கட்சித் தேர்தல். உதவித் தலைவர் போட்டியில் அவர்தான் முதலிடம். அவர் எதிரே ஓட்டுச்சீட்டோடு நின்றவர்கள் அம்னோ உறுப்பினர்கள். நாங்கள் அந்த வரிசையில் இல்லை. ஒரு பேச்சு ஒருவரைக் கவிழ்க்குமா தூக்கிவிடுமா என்பது, பேச்சில் அடிபட்டவனிடம் அந்த நேரத்தில் ஓட்டு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பல வருடம் கழித்து, 2022-இல், இந்திய வாக்காளர்கள் கணிசமாக இருக்கும் பாகான் டத்தோவில் அவர் 348 வாக்கில்தான் தப்பினார். அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனாலும் 348 என்ற எண்ணை நான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அந்த மலாக்காப் பேச்சை எந்தப் பக்கம் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். குண்டன் என்ற சொல்லில் இனமும் இருந்தது, ஏழ்மையும் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடும் வேலையும் ஒரே நாளில் போய், கிள்ளானையும் காப்பாரையும் சுற்றியிருந்த புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிய சொல் அது. அவர்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இரண்டு பக்கத்திலும் எழுதினேன்.

இரண்டு பக்கத்திலும் இருக்கும் இன்னொரு சொல் கள். 2020 டிசம்பரில் கெடாவில் ஒரு கோயில் இடிக்கப்பட்டதைக் கண்டித்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அந்த மாநில மந்திரி புசார் முகமட் சனுசி கள் போதையை இழுத்தார். ம.இ.கா. மன்னிப்புக் கேட்கச் சொன்னது. 2023 ஆகஸ்டு மாநிலத் தேர்தலில் கெடாவின் 36 தொகுதிகளில் 33 அவருடைய கூட்டணிக்குப் போனது.

கள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியுமா, தெரியாது. அவரை விடுங்கள், நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தோட்டத்துக் கள்ளுக்கடை நிர்வாகத்தின் கையில் இருந்தது. காலையில் கொடுத்த கூலியைச் சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி. 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை. இந்தக் கோரிக்கைகளோடு சேர்ந்தே இருந்தது, கள்ளுக்கடைகளை மூடு என்பது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். சரி, கெடாவுக்கு வருவோம். போர் முடிந்ததும் அங்கே ஏ.எம்.சாமி தொண்டர் படை அமைத்தார். தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீஸ் அடித்ததில் ஒரு தொழிலாளி செத்தார். கள்ளை நிறுத்து என்று கேட்டு உயிர் விட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான் எழுபது எண்பது வருடம் கழித்து அந்தச் சொல் வீசப்பட்டது. எனக்கு இன்னும் வலிப்பது எது தெரியுமா? அதே சொல்லை நம் மேடையில் நம்மவர் சொல்லும்போது நாம் கைதட்டுவது.

ஏழ்மையைப் பற்றிய பேச்சு ஒரு தலைவரைப் பாதிக்கவே பாதிக்காது என்றில்லை. 2014 ஜனவரியில், மின்கட்டணம் ஏறியிருந்த மாதத்தில், கங்கோங் கீரை விலை இறங்கியதற்கு அரசாங்கத்தை யாரும் பாராட்டவில்லையே என்று நஜிப் குறைப்பட்டார். நாடே பொங்கியது. 2017-இல் தாம் சோறு சாப்பிடுவதில்லை, மகன் அறிமுகப்படுத்திய கினோவாதான் என்றார். இடையில் 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்திருந்தது. 2018 மே 9-இல், 61 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய முன்னணி ஆட்சியை இழந்தது. 1எம்டிபி ஊழல் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் பாசார் மாலாமில் மலாய் மாக்சிக்கும் சீனத் தவுக்கேவும் நானும் ஒரே சொல்லுக்கு ஒன்றாகக் கோபப்பட்டதை நான் கண்ணால் பார்த்தது கங்கோங்கில்தான். கங்கோங் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. கள் எங்கள் வீட்டுக் கதை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், நாங்களும் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் அதைச் சொன்னவருக்கு நட்டமில்லை.

சோம்பல் என்பவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறேன். 2016-இல் இந்நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு என்று அரசாங்கம் சொன்னது. 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அந்த எண்ணை நம்ப முடியாது என்றார். 2020-இல் வறுமைக் கோடு 980 ரிங்கிட்டிலிருந்து 2,208-க்கு உயர்த்தப்பட்டது. புதிய கோட்டின்படி 2019-க்கான வறுமை 5.6 விழுக்காடு. கோடு நகர்ந்ததும் இத்தனை குடும்பங்கள் கணக்கில் வந்தன. அத்தனை பேரும் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்களா?

இதற்கு நேர் எதிராக வாதாடுகிறவர்களும் வருகிறார்கள். 2022 கணக்குப்படி இந்தியக் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 6,627 ரிங்கிட், பூமிபுத்ராவினுடையது 5,793, ஆகவே இந்தியர்களுக்கு என்ன குறை என்கிறார்கள். இடைநிலை என்பது நூறு குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பம். பங்சாரில் இருக்கும் டாக்டர் குடும்பமும் அந்த வரிசையில் நிற்கிறது. என் பக்கத்து நாற்காலிக்காரர் நடுவில் இல்லை. அவர் கடைக்கோடியில் நிற்கிறார்.

அவருடைய கதையில் சோம்பல் எங்கே என்று நானும் தேடிப் பார்த்தேன். பதினோரு வருடமாக அதே பள்ளி, அதே கழிவறைகள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை துப்புரவுக் குத்தகை கைமாறும். புது நிறுவனம் வந்ததும் அவர் புது ஆள். ஐந்து வருடம் தாண்டியவருக்குச் சட்டப்படி 16 நாள் ஆண்டு விடுமுறை. அவருக்கு ஒவ்வொரு குத்தகையிலும் மறுபடி 8 நாளிலிருந்துதான் தொடக்கம், ஏனென்றால் தாளில் அவர் அப்போதுதான் சேர்ந்தவர். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட் ஆனது. நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதுதான், பதினோரு வருடம் குனிந்தவருக்கும் அதுதான். குடியை விடு என்றால் இவர் எதை விடுவது?

மலாய் மேடையில் நம்மை இழிவாகப் பேசினால் போலீஸ் புகார் கொடுக்க ஓடும் நம் கட்சிக்காரர்களை நான் குறைசொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் கூடாரத்தில் நம் வேட்பாளர் பேசும்போதும் அதே ரோஷம் வேண்டும். அடுத்த தேர்தலில் எங்கள் திடலில் கூடாரம் போட்டால் முன்வரிசையில் உட்காரப் போகிறேன். கேள்வி நேரம் இல்லை என்றால் மேடை ஓரத்துக்குப் போய் ஒலிவாங்கியைக் கேட்கப் போகிறேன். சோம்பலைப் பற்றிப் பேசினீர்களே ஐயா, துப்புரவுக் குத்தகை கைமாறும்போது பழைய வருடங்களையும் சேர்த்துக் கணக்கிட நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா, எந்தக் கூட்டத்தொடரில் பேசுவீர்கள் என்று கேட்பேன். பதிலை அவர் முன்னாலேயே 555 புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்வேன்.

அந்தப் பெண்ணையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். கடையில் இரவு வேலை இல்லாவிட்டால் வருவதாகச் சொன்னார்.